கேள்வி – பதில்: ஆர் மென்பொருள் வந்த வழி

சென்ற இதழில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழின் வெப்பநிலையை அளந்து, அந்த அளவீடுகளை ஆர் என்னும் புள்ளிவிபர மென்பொருளின் உதவியுடன் ஒப்பிடும் முறையை இப்பகுதியில் விளக்கியிருந்தோம். அதைப் படித்த திருகோணமலை மாவட்ட வாசகர்கள் பலர், அந்த மென்பொருள் எங்கிருந்து வந்தது, அதை நம்பலாமா, அது ஏன் சில வேளைகளில் விளங்காதவாறு நடந்துகொள்கிறது என்றெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆர் மென்பொருளின் இன்றைய குணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதன் வளர்ச்சி வரலாற்றிலேயே காரணம் கிடைக்கிறது என்பதால், இம்முறை அக்கடிதங்களுக்கே முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறோம்.

உப்புவெளியிலிருந்து ஒரு கணித ஆசிரியை: ஐயா, ஆர் மென்பொருள் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்றில் தோன்றியது என்கிறார் ஒருவர், நியூசிலாந்தில் தோன்றியது என்கிறார் இன்னொருவர். இவற்றுள் எது சரி?

இருவர் சொல்வதும் சரியே. ஆர் எழுதப்பட்டது நியூசிலாந்தில். ஆனால் அது பின்பற்றிய மொழி, அமெரிக்காவில் ஏ.டி. அன்ட் டி. தொலைபேசி நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த எஸ் என்னும் மொழி.

டிரான்சிஸ்டரும் யுனிக்ஸ் இயங்குதளமும் சி மொழியும் தோன்றிய அதே ஆய்வுகூடத்தில், 1970களில் ஒரு வலுவான புள்ளிவிபரவியல் குழு இயங்கியது. தரவை முதலில் வரைந்து பார்க்க வேண்டும், அது காட்டுவதைக் கவனித்து அடுத்த கேள்வியை எழுப்ப வேண்டும் என்று வலியுறுத்திய ஜோன் டூக்கியும் அங்கே பணியாற்றினார். ஆனால் அக்குழுவினரின் கையிலிருந்த கருவி அத்தகைய வேலைக்கு ஏற்றதாக இருக்கவில்லை. போர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட கணிப்பு நிரல்களின் தொகுதியொன்று அவர்களிடம் இருந்தது. எவ்வளவு சிறிய பகுப்பாய்வாக இருந்தாலும், அந்தத் தொகுதியிலிருந்து வேண்டியதை அழைக்கும் புதிய நிரலொன்றை எழுதி, அதைத் தொகுத்து, ஓட்டி, விடை அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வரைபடத்தைப் பார்த்ததும் மனத்தில் எழும் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் அரை நாள் போய்விடுமானால், அந்தக் கேள்வி கேட்கப்படாமலே விடுபட்டுப் போகும்.

இந்த இடைவெளியைக் குறைப்பது பற்றி ஜோன் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் 1976 மே 5ஆந் திகதி கூடிப் பேசினார்கள். அன்று சேம்பர்ஸ் வரைந்த படமொன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. உள்ளே போர்ட்ரான் கணிப்பு நிரல், அதைச் சுற்றி ஆய்வாளர் நேரடியாகப் பேசக்கூடிய ஓர் இடைமுகம் என்பதே அதன் சாரம். அந்த இடைமுகமே எஸ் மொழியாக வளர்ந்தது. ரிச்சர்ட் பெக்கரும், பின்னர் அலன் வில்க்ஸும் சேம்பர்ஸுடன் இணைந்து அதைக் கட்டியெழுப்பினார்கள். முதலில் ஹனிவெல் கணினியொன்றில் மட்டும் ஓடிய எஸ், பின்பு யுனிக்ஸுக்கு மாற்றப்பட்டது. யுனிக்ஸ் சென்ற பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் எஸ் மொழியும் செல்ல அதுவே வழி திறந்தது.

1988இல் அம்மொழி பெருமளவு புதிதாக எழுதப்பட்டது. 1992இல் மேலும் இரண்டு பெரிய பேறுகள் அதற்கு வாய்த்தன. ஒன்று, எண்களும் பெயர்களும் வெவ்வேறு நெடுவரிசைகளாக ஒரே அட்டவணையில் அமரும் தரவுச் சட்டகம். மற்றையது, மாதிரியுருக்களை எழுதும் சூத்திரக் குறியீடு. சென்ற இதழில் ‘வெப்பநிலை ~ கிணறு’ என்று எழுதி, வெப்பநிலை கிணற்றைப் பொறுத்து மாறுகிறதா என்று கேட்டோமே, அந்த அலைக்கோடு இவ்வழியே வந்தது. இன்று பைதன் மொழியில் பான்டாஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் மாணவர்களும் இதே தரவுச் சட்டகத்தையே கையாளுகிறார்கள்.

கோணேசபுரியிலுள்ள வளாகத்திலிருந்து ஒரு மாணவர்: எஸ் ஏற்கெனவே இருந்தபோது, அதையே ஒத்த இன்னொன்றை நியூசிலாந்தில் ஏன் எழுதினார்கள்? எழுதியதை ஏன் இலவசமாகக் கொடுத்தார்கள்?

எஸ் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் எட்டும் இடத்தில் இருக்கவில்லை. 1988 முதல் அது எஸ்-பிளஸ் என்ற பெயரில் வணிகப் பொருளாக விற்கப்பட்டது. ஒக்லாந்து பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் துறையின் மாணவர் ஆய்வுகூடத்திலோ மக்கின்டொஷ் கணினிகளே இருந்தன; அவற்றில் கற்பிப்பதற்குப் பொருத்தமான மென்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. அங்கே விரிவுரையாற்றிய மாவோரி வம்சாவளியினரான ரொஸ் இஹாகாவும், கனடாவைச் சேர்ந்த ரொபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் தாங்களே ஒன்றை எழுதிப் பார்க்கத் துணிந்தார்கள்.

அவர்கள் எஸ் மொழியை நகலெடுக்கப் புறப்பட்டவர்கள் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இஹாகாவை ஈர்த்தது ஸ்கீம் என்னும் சிறிய, தூய்மையான நிரலாக்க மொழி. அதன் வழியில், சி மொழியில் ஏறத்தாழ ஆயிரம் வரிகளைக் கொண்ட ஒரு விளக்கியை, அதாவது கட்டளைகளை வாசித்து உடனே நிறைவேற்றும் நிரலை, முதலில் எழுதினார்கள். அதன்மேல் புள்ளிவிபரக் கணிப்புகளைச் சேர்க்கத் தொடங்கியபோதுதான், ஆய்வாளர்களுக்குப் பழக்கமான எஸ் மொழியின் எழுத்துமுறையை அதற்கு அணிவித்தார்கள். ஆகவே ஆர் வெளித்தோற்றத்தில் எஸ், உள்ளமைப்பில் ஸ்கீம். ஒரு சார்பு (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சிறு நிரல்), தான் உருவாக்கப்பட்ட இடத்தில் எந்த மாறிகள் இருந்தனவோ அவற்றை நினைவில் வைத்திருந்து, பின்னர் எங்கிருந்து அழைக்கப்பட்டாலும் அவற்றையே பயன்படுத்தும் பண்பு ஆர் மொழியில் உண்டு. பழைய எஸ் மொழியில் அது இல்லை. இன்று பலரும் எழுதும் நேர்த்தியான ஆர் நிரல்களுக்கு இந்தப் பண்பே அடித்தளமாகும்.

1993 ஆகஸ்ட் மாதத்தில் அம்மென்பொருள் முதன்முறையாக வெளியாருக்குக் கிடைத்தது. ஆனால் ஓட்டக்கூடிய வடிவமே கொடுக்கப்பட்டது. மூல நிரல் கொடுக்கப்படவில்லை. சூரிச்சைச் சேர்ந்த மார்ட்டின் மெக்லர் என்னும் புள்ளிவிபரவியலாளர், மூல நிரலையும் திறந்து வெளியிடும்படி அவர்களை வற்புறுத்தினார். அதன் பயனாக 1995 ஜூன் மாதத்தில் ஆர், ஜி.என்.யூ. பொது உரிமத்தின் கீழ் வந்தது. யாரும் அதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் திருத்தியதை வெளியிடுபவர், தாம் பெற்ற அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் வழங்கியாக வேண்டும்.

என் கருத்தில், ஆர் வரலாற்றின் மிக முக்கியமான முடிவு இதுதான். எஸ் மொழியின் வடிவமைப்பு எவ்விதத்திலும் குறைந்ததன்று, 1998இல் ஏ.சி.எம். என்னும் கணினியியலாளர் அமைப்பு தனது மென்பொருள் விருதைச் சேம்பர்ஸுக்கு அந்த மொழிக்காகவே வழங்கியது. ஆனால் அதன் உரிமை கைமாறிக்கொண்டே இருந்தது. 2004இல், எஸ்-பிளஸை விற்றுவந்த இன்சைட்ஃபுல் நிறுவனம், எஸ் மொழியை அப்போது பெல் ஆய்வுகூடத்துக்கு உரிமையாளராயிருந்த லூசன்ட் நிறுவனத்திடமிருந்து 20 இலட்சம் டொலருக்கு வாங்கியது. 2008இல் டிப்கோ என்னும் நிறுவனம் இன்சைட்ஃபுல்லையே வாங்கிக்கொண்டது. உரிமையாளர் மாறும் ஒவ்வொரு முறையும் பயனாளர் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர் பயனாளருக்கு அந்த நிலை வரவில்லை. பிழையைக் கண்டவர் திருத்தத்தையும் சேர்த்தே அனுப்பினார். அனுப்பப்பட்டவை இருவரால் கையாள முடியாத அளவுக்குப் பெருகியபோது, 1997இல் ஒரு மையக் குழு அமைந்தது. எஸ் மொழியை உருவாக்கிய சேம்பர்ஸும் அக்குழுவில் இணைந்தார் என்பது எனக்கு இன்றும் நிறைவளிக்கும் செய்தி. அதே ஆண்டு ஏப்ரலில், வியன்னாவில் கேர்ட் ஹோர்னிக், பிரீட்ரிக் லைஷ் ஆகியோரின் முயற்சியால் க்ரான் என்னும் களஞ்சியம், ஆர் மென்பொருளுக்குப் புதிய வசதிகளைச் சேர்க்கும் 12 பொதிகளுடன் தொடங்கியது. இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. பதிப்பு 1.0.0 என்று துணிந்து பெயரிடத்தக்க ஆர், 2000 பெப்ரவரி 29ஆந் திகதி வெளிவந்தது.

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர்: மதிப்பை இட ஆர் நிரல்களில் அம்புக்குறியைப் பயன்படுத்துவதும், பெயர்களுக்கு நடுவே முற்றுப்புள்ளி வைப்பதும் ஏன்?

கணினியில் எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஆஸ்கி குறியீட்டு அட்டவணையின் 1960களின் வடிவத்தில், இன்று அடிக்கோடு இருக்கும் இடத்தில் இடப்பக்க அம்பு இருந்தது. பழைய தட்டச்சு முனையங்களில் அந்த விசையை அழுத்தினால் அம்பே அச்சாகும். ஆகவே எஸ் மொழியில் அந்த ஒற்றை விசையே மதிப்பை இடும் குறியாயிற்று. ‘இதைவிடச் சிறியது’ என்னும் < குறியும் சிறு கோடும் சேர்ந்த ஈரெழுத்து அம்பும் (<-) உடனிருந்தது. முனையங்கள் மாறி, அம்பு அடிக்கோடாகிவிட்ட பின்னரும் அடிக்கோட்டுக்கு அந்தப் பொருள் நீடித்தது. அதனால் பெயர்களுக்குள் அடிக்கோட்டை வைக்க முடியாமற் போக, சொற்களைப் பிரிக்க முற்றுப்புள்ளியைப் பயன்படுத்தினார்கள். சமக்குறியையும் மதிப்பிடப் பயன்படுத்தலாம் என்பது 2001இல் 1.4.0 பதிப்புடன் வந்தது. பெயர்களில் அடிக்கோடு 2004இல் 1.9.0 பதிப்புடன் அனுமதிக்கப்பட்டது. பழைய சார்புகளின் பெயர்களில் புள்ளியும் புதியவற்றில் அடிக்கோடும் கலந்து வருவதன் காரணம் இவ்வளவே.

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் இருப்பது பழைய கணினி. ஐம்பது ஆண்டு நாளாந்த மழைவீழ்ச்சித் தரவை ஆர் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். ஐம்பது ஆண்டுகள் என்றால் ஏறத்தாழ 18,260 நாட்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் 8 பைட்டுகள் வீதம் கணக்கிட்டால், ஒரு நெடுவரிசைக்கு ஏறத்தாழ 146 கிலோபைட்டு மட்டுமே தேவை. ஆர் தரவு முழுவதையும் கணினியின் நினைவகத்திலேயே வைத்துக் கொள்கிறது என்பது உண்மை; அது ஒக்லாந்து நாட்களிலிருந்தே தொடரும் வடிவமைப்பு. தொடக்கத்தில் எவ்வளவு நினைவகம் வேண்டுமென்று மென்பொருளைத் திறக்கும்போதே சொல்லிவிட வேண்டியிருந்தது. 2000 டிசம்பரில் வந்த 1.2.0 பதிப்பில் லூக் டியர்னி எழுதிய புதிய நினைவக முகாமை முறை அந்தத் தொல்லையை நீக்கியது.

கிண்ணியாவிலிருந்து கடற்றொழில் ஆய்வு உதவியாளர் ஒருவர்: மீன்பிடித் தரவை ஆர் கொண்டு பகுத்துச் சமர்ப்பித்தபோது, இலவச மென்பொருளின் விடையை ஏற்க முடியாது என்று ஓர் அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா?

விடை சரிதானா என்று அவர் கேட்டிருந்தால் அது முழுக்க நியாயமான கேள்வி. விலையை வைத்து அதைத் தீர்மானித்தது நியாயமன்று.

1967இல் ஜேம்ஸ் லோங்லி என்னும் ஆய்வாளர், அமெரிக்கப் பொருளாதாரம் பற்றிய 1947 முதல் 1962 வரையான 16 ஆண்டுத் தரவை எடுத்து, அக்காலத்தில் வழக்கிலிருந்த பிற்செலவு நிரல்கள் (ஒரு மாறி மற்ற மாறிகளைப் பொறுத்து எவ்வாறு மாறுகிறது என்று மதிப்பிடுபவை) பலவற்றில் ஓட்டிப் பார்த்தார். விளக்க மாறிகள் ஆறும் ஒன்றோடொன்று மிக நெருங்கிய தொடர்புடையவை என்பதால், கணிப்பில் ஏற்படும் சிறு வட்டமாக்கற் பிழையும் விடையைப் பெரிதும் மாற்றிவிடும். கையாற் கணித்த விடையோடு ஒப்பிட்டபோது, நிரல்கள் பல அதிலிருந்து வெகுதூரம் விலகிய விடைகளைத் தந்தன. அப்போதிலிருந்து லோங்லி தரவு புள்ளிவிபர மென்பொருள்களுக்கு ஓர் உரைகல் ஆகிவிட்டது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், உயர் துல்லியத்தில் கணித்த விடைகளுடன் அதை வெளியிட்டிருக்கிறது. ஆர் மென்பொருளை நிறுவும்போதே அத்தரவும் உங்கள் கணினிக்கு வந்துவிடுகிறது. அதை நேர்கோட்டு மாதிரியுருவில் இட்டுப் பாருங்கள், வெட்டுத்துண்டு −3482.2586 என்று வரும். தொழிலாளர் தொகையை ஆயிரங்களில் எழுதிய நிஸ்ட் அட்டவணையில் அதுவே −3482258.63 என்று இருக்கும். இவ்வொப்பீட்டை அதிகாரியின் முன்னிலையிலேயே சில நிமிடங்களில் செய்து காட்டலாம். மருந்துகளை அங்கீகரிக்கும் அமெரிக்க அரச நிறுவனமான எப்.டி.ஏ.கூட, பகுப்பாய்வுக்கு இன்ன மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதிக்கவில்லை என்பதையும் அவருக்குத் தெரிவிக்கலாம்.

இதனோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டியுள்ளது. மேலே சொன்ன நம்பகத்தன்மை, மையக் குழு பராமரிக்கும் அடிப்படை ஆர் மென்பொருளுக்கு உரியது. க்ரான் களஞ்சியத்தில் உள்ள பொதிகளை யாரும் எழுதி அனுப்பலாம். அங்கே ஒரு பொதி பிழையின்றி நிறுவப்படுகிறதா, எடுத்துக்காட்டுகள் ஓடுகின்றனவா என்று கண்டிப்பாகச் சோதிக்கிறார்கள். அதிலுள்ள புள்ளிவிபர முறை சரியானதா என்று யாரும் சான்றளிப்பதில்லை. எனவே மீன்வள மதிப்பீட்டுக்கென ஏதேனும் ஒரு பொதியைப் பயன்படுத்தியிருந்தால், அதன் பெயரையும் பதிப்பையும், அது எந்த ஆய்வு முறையைப் பின்பற்றுகிறது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். அதை அந்த அதிகாரி கேட்டிருந்தால், நான் அவர் பக்கமே நின்றிருப்பேன்.

மூதூரிலிருந்து ஒரு வாசகி: கிராம சேவையாளர் பிரிவுகளின் பெயர்களைத் தமிழில் தட்டச்சுச் செய்து ஆர் மென்பொருளில் திறந்தால், எழுத்துகளுக்குப் பதிலாக அடைப்புக்குறிகளும் எண்களுமாக வருகின்றன. தமிழ் ஆர் மென்பொருளுக்கு ஒவ்வாததா?

ஒவ்வாதது அல்ல; உங்கள் கணினியில் இருப்பது 2022க்கு முந்திய பதிப்பாக இருக்க வேண்டும்.

ஆர் யூனிகோட் எழுத்துகளை யூ.டி.எப்.-8 முறையில் கையாளத் தொடங்கியது 2005 ஏப்ரலில் வெளிவந்த 2.1.0 பதிப்பிலேயே. லினக்ஸ், மக்கின்டொஷ் கணினிகளில் அன்றிலிருந்தே தமிழ் இயல்பாக வந்தது. தடை விண்டோஸில் இருந்தது. விண்டோஸ் ஒவ்வொரு மொழிக்கும் ‘குறியீட்டுப் பக்கம்’ என்னும் பழைய அட்டவணையொன்றைச் சார்ந்திருந்தது. ஆர் அந்த அட்டவணையையே தன் இயல்பான குறியீடாகக் கொண்டது. ரஷ்ய மொழிக்கும் கிரேக்க மொழிக்கும் அத்தகைய பக்கங்கள் இருந்தமையால், அந்நாட்டவர் ஓரளவு சமாளித்தார்கள். தமிழுக்கு விண்டோஸில் அத்தகைய பக்கம் உருவாக்கப்படவே இல்லை. அதனால் ஒரு தமிழ் எழுத்தை அச்சிட வேண்டிய இடத்தில், அந்த எழுத்தின் யூனிகோட் எண்ணை முக்கோண அடைப்புக்குள் காட்டுவதைத் தவிர ஆர் மென்பொருளுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு பிரதேச செயலகப் பிரிவின் அட்டவணையைத் தன் மொழியில் வாசிக்க முடியாமல் ஆங்கில எழுத்துகளில் பெயர்த்து எழுதியவர்கள் எத்தனையோ பேர். அவ்வாறு பெயர்க்கும்போது ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்பட்டு, கணிப்பில் மூன்று ஊர்களாகிவிடும் இடர் சிறியதன்று.

விண்டோஸ் 10இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, ஒரு மென்பொருள் யூ.டி.எப்.-8ஐயே தன் இயல்பான குறியீடாக அறிவித்துக்கொள்ள வழி பிறந்தது. அதைப் பயன்படுத்த, ஆர் மென்பொருளையும் அதன் எல்லாப் பொதிகளையும் புதிய அடித்தள நூலகமொன்றுடன் இணைத்துத் திரும்பத் தொகுக்க வேண்டியிருந்தது. தோமாஸ் கலிபேரா முன்னின்று நடத்திய அந்த நெடிய வேலை 2022 ஏப்ரலில் 4.2.0 பதிப்பாக நிறைவேறியது. அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ நிறுவினால், நெடுவரிசைகளின் தலைப்புகளையும் நீங்கள் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய அட்டவணைகள் இன்னும் நிறைய உள்ளன. அவை கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளே. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஆர் மென்பொருளில் திறக்க வேண்டும்.

திருகோணமலை நகரிலிருந்து ஒரு மாணவி: 2017இல் என் அக்கா தமது ஆய்வுக்கு எழுதிய ஆர் நிரலை அப்படியே என் கணினியில் ஓட்டினேன். எழுமாற்று மாதிரி வேறாக வருகிறது. அவர் கொடுத்த அதே தொடக்க எண்ணையே நானும் கொடுத்தேன். பிழை யாருடையது?

பிழை உங்கள் இருவருடையதும் அல்ல. இடையில் மென்பொருள் மாறியிருக்கிறது.

ஒரு பட்டியலிலிருந்து எழுமாற்றாகத் தெரிவு செய்ய, ஆர் முன்பு 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஓர் எழுமாற்று எண்ணைப் பட்டியலின் நீளத்தாற் பெருக்கி, தசமப் பகுதியை விட்டுவிடும் முறையைக் கையாண்டது. எழுமாற்று எண்களின் நுட்பத்துக்கு ஓர் எல்லை இருப்பதால், இம்முறையில் எல்லா உறுப்புகளுக்கும் முற்றிலும் சமமான வாய்ப்புக் கிடைப்பதில்லை. சில நூறு வீடுகளிலிருந்து மாதிரி எடுக்கும் ஆய்வில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. மிகப் பெரிய குடித்தொகைகளில் அது பொருட்படுத்தத்தக்க அளவுக்கு வளர்கிறது. ஆகவே 2019 ஏப்ரலில் வந்த 3.6.0 பதிப்பில், பொருந்தாத எண்களை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுக்கும் முறை இயல்பானதாக ஆக்கப்பட்டது. அதனால் அதே தொடக்க எண் இப்போது வேறொரு மாதிரியைத் தருகிறது. பழைய மாதிரியே வேண்டுமானால், தொடக்க எண்ணைக் கொடுக்கும் சார்பில் மாதிரியெடுப்பு வகையை ‘ரவுண்டிங்’ என்று குறிப்பிடுங்கள். அது பழைய முறை என்று ஆர் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு, அக்காவின் மாதிரியையே தரும்.

அந்த நிரலில் இன்னோர் இடத்தையும் பாருங்கள். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்னர், கோப்பிலிருந்து வாசிக்கப்படும் சொற்களை ஆர் தானாகவே வகைகளாக மாற்றிவிடும். மாதிரியுருக்களைப் பொருத்துவதே முதன்மையான வேலையாக இருந்த காலத்தில், ‘ஆண்’, ‘பெண்’ போன்ற சொற்கள் வகைகளாகவே இருந்தன, அது பொருத்தமாயிருந்தது. பின்னர் மக்கள் முகவரிகளையும் கருத்துரைகளையும் ஆர் மென்பொருளுக்குக் கொண்டு வந்தபோது அதுவே இடராயிற்று. ஆகையால் சொற்கள் சொற்களாகவே வாசிக்கப்படும் என்று விதி மாற்றப்பட்டது. அக்காவின் நிரல் வகைகளை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தால், தரவை வாசிக்கும் வரியிலேயே அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில், ஆர் பதிப்பின் எண்ணையும் பயன்படுத்திய பொதிகளின் பதிப்புகளையும் சேர்த்து விடுங்கள். ‘செஷன்இன்ஃபோ’ என்னும் சார்பு அவை எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அச்சிட்டுத் தரும். அக்காவின் கணினி இன்னும் வீட்டில் இருந்தால், அதில் நிறுவப்பட்டுள்ள பதிப்பையும் அதே கட்டளையாற் கண்டறியலாம். பழைய பதிப்புகள் யாவும் க்ரான் களஞ்சியத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளமையால், அதே பதிப்பை உங்கள் கணினியில் தனியாக நிறுவி இரு விடைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடவும் முடியும்.